ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் பழகுகிறவர்களுக்கு: மெத்தட் வகுப்பைப் பயன்படுத்திக்கொள்வது எப்படி?

ஆங்கிலம் நன்றாகப் பேச வரும், இலக்கணமும் தெரியும், அப்புறம் எதற்குக் கற்பிக்கும் முறைகளுக்கென்று தனியாக 'மெத்தட்' என்று ஒரு பாடம் என்ற நினைப்போடுதான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். முதல் பயிற்சி வகுப்போடு அந்த நினைப்பு போய்விட்டது. 20 நிமிட வகுப்பு அது. 'பிரசன்ட் பெர்ஃபெக்ட்' எடுத்தேன். மூன்று நிறச் சாக்பீஸால் காலக்கோடு வரைந்தேன், விதி எழுதினேன், விதிவிலக்கும் எழுதினேன். மேற்பார்வையாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தாளில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்ததும் அந்தத் தாளைக் காட்டினார். நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கம். நான் வாய் திறந்தபோதெல்லாம் இடது பக்கம் ஒரு கோடு, மாணவர் யாராவது பேசினால் வலது பக்கம் ஒரு கோடு. என் பக்கத்தில் ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள் தாளின் அடிவரை இறங்கியிருந்தன. மாணவர்கள் பக்கம் 9. அந்த ஒன்பதில் ஆறு வெறும் "யெஸ், மிஸ்". அவர் குறை எதுவும் சொல்லவில்லை. "இந்த இருபது நிமிஷத்துல அவங்க என்ன செஞ்சாங்க?" என்று மட்டும் கேட்டார்.

மெத்தட் வகுப்பில் கற்றுக்கொள்வது எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழிகள்தான் என்பது எனக்குப் பயிற்சியின் பாதியில்தான் புரிந்தது. முதல் நாளே தெரிந்திருந்தால் நிறைய நேரம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். சேரப்போகிறவர்களும் இப்போதுதான் சேர்ந்தவர்களும் இதே வரிசையில் போனால் போதும்.

சேருவதற்கு முன்பு: ஒரு மாலை, ஒரு நோட்டு

டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975-இல் ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னார். மற்ற தொழில்களைப் போல இல்லாமல், ஆசிரியராக வருகிறவர் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர். பார்த்துப் பழகியதே அவருக்கு முதல் பயிற்சி. ஆனால் பெஞ்சிலிருந்து பார்க்கிறவருக்கு ஆசிரியர் பேசுவதும் எழுதுவதும் தெரியும். அவர் ஏன் அந்தக் கேள்வியை அப்போது கேட்டார், எதை வேண்டுமென்றே விட்டார் என்பது தெரியாது. பதற்றம் வந்தால் நாம் எல்லோரும் பழைய ஆசிரியர் ஒருவரைப் போல நடந்துகொள்ள ஆரம்பித்துவிடுகிறோம். நான் மூன்று நிறச் சாக்பீஸ் எடுத்ததும் அப்படித்தான்.

சேருவதற்கு முன்பே நோட்டில் ஒரு பக்கம் எழுதுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் எப்படி வந்தது? வகுப்பில் நடந்த எது உதவியது? வகுப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள்? பலருக்கும் வெளியே செய்தவற்றின் பட்டியல்தான் நீளமாக வரும். கதைப் புத்தகம், பாட்டு, அர்த்தம் தெரியாமலே திரும்பத் திரும்பப் பார்த்த படம், கடிதம் எழுதிய ஒரு நட்பு என்று போகும். அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

முறைகளின் வரலாறு: தேர்வுக்காக மனப்பாடம் செய்யாதீர்கள்

பயிற்சியின் முதல் சில வாரம் வரலாறாகவே போகும். இலக்கண மொழிபெயர்ப்பு முறை, நேரடி முறை, ஆடியோலிங்குவல், கம்யூனிகேட்டிவ் என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் நன்மை ஐந்து, குறை ஐந்து என்று எழுதிப் படித்தால் தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு முறையைப் பற்றியும் அரைப் பக்கம் எழுதுங்கள். மொழி என்றால் என்ன என்று இந்த முறை நம்புகிறது, வகுப்பில் மாணவர் என்ன செய்துகொண்டிருப்பார், எதை இது கவனிக்காமல் விடுகிறது என்ற மூன்றுக்கும் பதில் வந்தால் போதும்.

இப்படிப் பார்த்தால் வரலாறு ஒரு வாக்குவாதம் போலத் தெரிய ஆரம்பிக்கும். லத்தீனும் கிரேக்கமும் கற்பித்த பழக்கத்திலிருந்து வந்தது இலக்கண மொழிபெயர்ப்பு. அங்கே மாணவர் விதியைப் படித்து வாக்கியத்தை மாற்றி எழுதுவார், பேச மாட்டார். அதற்கு எதிராக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நேரடி முறை வந்தது. 1878-இல் அமெரிக்காவில் பள்ளி தொடங்கிய மாக்சிமிலியன் பெர்லிட்ஸ் அதைப் பரப்பியவர்களில் ஒருவர். வகுப்பில் தாய்மொழியே கிடையாது, பொருளைக் காட்டு, செய்து காட்டு, பேச வை என்பது அதன் வழி. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்கு அந்நிய மொழி பேசுகிறவர்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். அந்த அனுபவமும் நடத்தையியல் உளவியலும் சேர்ந்து ஆடியோலிங்குவல் முறை வளர்ந்தது. மொழி ஒரு பழக்கம், திரும்பத் திரும்பச் சொன்னால் படியும் என்பது அதன் நம்பிக்கை. 1959-இல் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி, நடத்தையியலாளர் ஸ்கின்னரின் நூலுக்கு எழுதிய விமர்சனத்தில் அந்த நம்பிக்கையின் அடித்தளத்தையே கேள்வி கேட்டார். இதுவரை கேட்டே இராத வாக்கியத்தை ஒரு குழந்தையால் சொல்ல முடிகிறதே, அது எப்படி வெறும் பழக்கமாக இருக்க முடியும்? அடுத்து டெல் ஹைம்ஸ் என்ற மொழியியலாளர் வந்து, வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருந்தால் மட்டும் போதாது, யாரிடம் எப்போது எதைச் சொல்வது என்று தெரிவதும் மொழியறிவுதான் என்றார். மொழியை உண்மையான பேச்சுக்குப் பயன்படுத்தியே கற்க வேண்டும் என்னும் கம்யூனிகேட்டிவ் முறை 1970-களில் எழுந்தது அந்த மண்ணில்தான்.

இந்திய ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என். எஸ். பிரபுவிடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள். 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் அவரும் நண்பர்களும் செய்த முயற்சியை 'பெங்களூர் புராஜெக்ட்' என்பார்கள். இலக்கணத்தைப் பாடமாகவே வைக்காமல், ரயில் அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போடு, வரைபடத்தில் வழி கண்டுபிடி என்று வேலைகளையே பாடமாகக் கொடுத்தார்கள். மாணவர்களின் கவனம் விடையில் இருக்கும், மொழி அதன் ஊடாக உள்ளே போகும் என்பது எண்ணம். இன்று உலகமெங்கும் 'டாஸ்க்' வழிக் கற்பித்தல் என்று பேசப்படுவதற்கு அது ஒரு முன்னோடி. அதே பிரபு 1990-இல், சிறந்த முறை என்று ஒன்று கிடையாது என்று ஒரு கட்டுரை எழுதினார். தான் செய்வது ஏன் பலிக்கிறது என்று ஆசிரியருக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை உயிரோடு இருக்கிறதா, அல்லது வகுப்பு வெறும் சடங்காகிவிட்டதா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றார். என் பயிற்சிக் காலத்தில் படித்தவற்றில் எனக்கு மிகவும் கைகொடுத்தது இந்தக் கருத்துதான்.

ஆசிரியர் பெரும்பாலும் பேசாமல் இருக்கும் சைலன்ட் வே, இசையோடு மனதைத் தளரவிட்டுக் கற்கும் சஜெஸ்டோபீடியா போன்ற முறைகளை வேகமாகக் கடந்துவிடலாம். ஜேம்ஸ் ஆஷரின் 'டோட்டல் பிசிக்கல் ரெஸ்பான்ஸ்', அதாவது கட்டளையைக் கேட்டு உடலால் செய்து காட்டும் முறை, சிறு பிள்ளைகளுக்கும் தொடக்கநிலைப் பெரியவர்களுக்கும் நன்றாக உதவும். அதை மட்டும் ஒரு முறையாவது செய்து பாருங்கள்.

தெரிந்த மொழியை வெளியிலிருந்து பார்ப்பது

ஆங்கிலம் சரளமாக வருகிறவர்கள் அதிகம் திணறுவது இந்தப் பகுதியில்தான். நமக்குத் தானாக வருவதை ஏன் என்று யோசித்திருக்க மாட்டோம். எதைக் கற்பிக்கப்போனாலும் அதன் பொருள், வடிவம், உச்சரிப்பு மூன்றையும் முன்கூட்டியே எழுதிப்பார்க்கும் பழக்கத்தை இங்கே பிடித்துக்கொள்ள வேண்டும்.

'ஹி யூஸ்ட் டு வொர்க் இன் எ பேங்க்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். பொருள்: முன்பு அங்கே வேலை பார்த்தார், இப்போது பார்க்கவில்லை. வடிவம்: 'யூஸ்ட் டு'வுக்குப் பிறகு வினைச்சொல் எந்த மாற்றமும் இல்லாமல் வரும். கேள்வியாகக் கேட்டால் 'டிட் ஹி யூஸ் டு' என்று ஆகிவிடும். உச்சரிப்பு: எழுத்தில் இரண்டு சொல், பேச்சில் 'யூஸ்ட' என்பது போல ஒட்டிப்போகும். அதோடு, இதில் வரும் 'ஸ்' பாம்பு சீறுவது போன்ற ஒலி. 'ஐ யூஸ்ட் எ பென்' என்று சொல்லும்போது வருவது தேனீ ரீங்காரம் போன்ற ஒலி. எழுத்து ஒன்று, ஒலி வேறு. இதை நான் முதன்முதலாகக் கவனித்தது பாடத்திட்டம் எழுத உட்கார்ந்தபோதுதான். அதுவரை பல வருடம் சரியாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாணவர்களும் தமிழ் பேசுகிறவர்கள் என்றால், தமிழைக் கூர்ந்து பார்ப்பது இன்னும் பெரிய உதவி. 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்' என்று ஒருவர் சொன்னால் அதன் பின்னால் "பத்து வருஷமா இங்க வேலை பாக்கறேன்" என்ற அப்பழுக்கில்லாத தமிழ் வாக்கியம் நிற்கிறது. தமிழில் அது நிகழ்காலம்தான். 'பிரசன்ட் பெர்ஃபெக்ட்' நமக்கு அந்நியமானது என்று நினைக்கிறோம். ஆனால் 'படித்திருக்கிறேன்' என்பது கிட்டத்தட்ட அதேதான். சிக்கல் எங்கே என்றால், தமிழில் 'அவர் நேற்றே வந்திருக்கிறார்' என்று 'நேற்று'டன் சேர்த்தும் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'யெஸ்டர்டே'யுடன் 'ஹேஸ் கம்' சேராது. மாணவர் தடுமாறும் இடம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தால், முழு விதியையும் ஒப்பிக்காமல் அந்த ஒரு இடத்தில் மட்டும் நேரம் செலவிடலாம்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ', 'த' இரண்டும் தமிழில் இல்லை என்று சொல்லி நிறுத்திவிடுவோம். 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று மாணவர்களைக் கேட்டுப்பாருங்கள். இரண்டாவதில் எந்தப் புத்தகம் என்று கேட்பவருக்கும் தெரியும் என்பார்கள். 'புத்தகத்தை' என்பதன் முடிவில் வரும் அந்த 'ஐ' செய்யும் வேலையில் ஒரு பங்கைத்தான் ஆங்கிலத்தில் 'த' செய்கிறது. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, ஆனாலும் ஆரம்பிக்க நல்ல வாசல்.

உச்சரிப்பில் தனி எழுத்தொலிகளைவிட அழுத்தத்துக்கு அதிகக் கவனம் கொடுங்கள். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் அழுத்தம் முதல் அசையில். 'ஃபொடாகிரஃபர்' என்பதில் இரண்டாவது. 'ஃபோட்டோகிராஃபிக்' என்பதில் மூன்றாவது. அழுத்தம் இடம் மாறும்போது மற்ற உயிரொலிகள் தேய்ந்துவிடுகின்றன. தமிழில் ஓர் அசையை இவ்வளவு ஓங்கியும் பக்கத்து அசையை இவ்வளவு விழுங்கியும் பேசும் வழக்கம் இல்லை. அதனால் மாணவர்கள் எல்லா அசையையும் ஒரே அளவில் சொல்வார்கள். 'பஸ்ஸு', 'புக்கு' என்று கடைசியில் உகரம் சேர்ப்பதும் தமிழ்ச் சொற்கள் முடியும் விதத்திலிருந்து வருவதுதான். கையைத் தட்டிக்காட்டுங்கள், போர்டில் பெரிய புள்ளி சிறிய புள்ளி போடுங்கள். ஒரு வகுப்புக்கு 3 நிமிடம் போதும்.

பாடத்திட்டம்: கடைசியிலிருந்து எழுதுங்கள்

பாடத்திட்டம் எழுதும்போது எல்லோரும் முதல் 5 நிமிடத்திலிருந்து தொடங்குவார்கள். திருப்பி எழுதிப் பாருங்கள். 40 நிமிட வகுப்பு முடியும்போது மாணவர்களால் என்ன செய்ய முடிய வேண்டும் என்பதை முதல் வரியாக எழுதுங்கள். "யூஸ்ட் டு பற்றி அறிவார்கள்" என்று எழுதினால் அறிந்தார்களா என்று பார்க்க வழியில்லை. "தங்கள் சிறுவயதுப் பழக்கங்களைப் பற்றி ஜோடியாக 3 நிமிடம் பேசுவார்கள், தேவையான இடத்தில் யூஸ்ட் டு வரும்" என்று எழுதினால் வகுப்பில் நடந்துகொண்டே அதைக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அப்புறம் பின்னோக்கி வாருங்கள். கடைசிப் பேச்சுக்கு 12 நிமிடம் ஒதுக்குங்கள், ஜோடி மாற்றி இரண்டு மூன்று முறை பேசட்டும். அதற்கு முன், பேசுவதற்கு என்ன தேவை? வாக்கியம் நாக்கில் பழகியிருக்க வேண்டும். அதற்கு 6 நிமிடம், தாளில் உள்ள பாதி வாக்கியங்களைத் தங்களைப் பற்றியதாக முடிக்கும் பயிற்சி. அதற்கு முன் 7 நிமிடம் பொருளும் வடிவமும் உச்சரிப்பும். அதற்கும் முன், அந்த அமைப்பு இயல்பாக வரும் ஒரு சின்னப் பகுதியை 8 நிமிடம் படிக்கவோ கேட்கவோ வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில் 5 நிமிடம், உங்கள் சிறுவயதைப் பற்றி மூன்று வாக்கியம் சொல்லுங்கள். அதில் ஒன்று பொய், எது என்று அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கடைசி 2 நிமிடம் திருத்தத்துக்கு. மொத்தம் 40.

கடைசிப் பேச்சில் ஒரு விஷயம் முக்கியம். 'உங்கள் சிறுவயதைப் பற்றிப் பேசுங்கள்' என்று மட்டும் சொன்னால் இருவரும் மாறி மாறி ஒப்பித்துவிட்டு 1 நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். எதிரே இருப்பவர் சொல்வதைக் கேட்க ஒரு காரணம் வேண்டும். 'உங்களுக்கும் அவருக்கும் பொதுவாக இருந்த மூன்று பழக்கங்களைக் கண்டுபிடியுங்கள்' என்று கொடுத்தால் கேட்டே ஆக வேண்டும், கேள்வியும் கேட்க வேண்டும். ஒருவரிடம் இருக்கும் தகவல் இன்னொருவரிடம் இல்லாத இடைவெளியைத்தான் மெத்தட் வகுப்பில் 'இன்ஃபர்மேஷன் கேப்' என்பார்கள். ஒரு பயிற்சி உயிரோடு இருக்குமா என்று பார்க்க நான் இன்றைக்கும் இதைத்தான் முதலில் சோதிக்கிறேன்.

திட்டத்தாளில் 'ஆசிரியர் செய்வது', 'மாணவர் செய்வது' என்று இரண்டு பத்தி இருக்கும். வலது பத்தியை முதலில் நிரப்புங்கள். அங்கே 'கவனிப்பார்கள்', 'கேட்பார்கள்' என்று தொடர்ந்து மூன்று கட்டங்களில் வந்தால் அந்த இடத்தில் திட்டத்தை மாற்றியாக வேண்டும்.

வகுப்பில் நிற்கும்போது: மூன்று சின்னத் திறமைகள்

முதலாவது, என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது. தாளைக் கொடுத்துவிட்டு விளக்கினால் யாரும் கேட்க மாட்டார்கள், கண் தாளில்தான் இருக்கும். முதலில் சொல்லுங்கள், ஒரு மாணவரோடு சேர்ந்து செய்து காட்டுங்கள், அப்புறம் தாளைக் கொடுங்கள். 'இப்போது நான் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ள விரும்புவது என்னவென்றால்' என்ற தோரணையில் ஆங்கிலத்தில் நீட்டினால் தொடக்கநிலை மாணவருக்கு முதல் வினைச்சொல் வருவதற்குள் கவனம் போய்விடும். 'வொர்க் இன் பேர்ஸ். டோன்ட் ரைட். ஜஸ்ட் டாக். த்ரீ மினிட்ஸ்.' இவ்வளவு போதும். முதல் மாதம் இந்தக் கட்டளைகளைச் சொல்லுக்குச் சொல் திட்டத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

இரண்டாவது, புரிந்ததா என்று சோதிப்பது. 'புரிகிறதா?' என்று கேட்டால் 'யெஸ்' தவிர வேறு பதில் வராது. என் மூன்றாவது பயிற்சி வகுப்பில் அந்தப் பேங்க் வாக்கியத்தை விளக்கிவிட்டுக் கேட்டேன், எல்லோரும் தலையாட்டினார்கள். சரி, சோதித்துப் பார்க்கலாமே என்று 'இஸ் ஹி வொர்க்கிங் இன் த பேங்க் நவ்?' என்றேன். எல்லோரையும்விட நன்றாகத் தலையாட்டிய பையன் 'யெஸ்' என்றான், சந்தேகமே இல்லாத குரலில். ஏன் என்று கேட்டேன். "பேங்க் வேலை அவருக்குப் பழகிப்போச்சு, மிஸ்" என்றான். 'யூஸ்ட் டு'வையும் 'இஸ் யூஸ்ட் டு'வையும் அவன் ஒன்றாக வைத்திருந்தான். அந்த ஒரு கேள்வி கேட்டிருக்காவிட்டால் அவன் வருடம் முழுக்க அப்படியே தலையாட்டியிருப்பான். பொருளைச் சோதிக்கும் இத்தகைய கேள்விகளை, ஆம் இல்லை என்றோ ஒரே சொல்லிலோ பதில் சொல்லும்படி, இரண்டு மூன்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். 'இப்போது அங்கே இருக்கிறாரா? முன்பு இருந்தாரா? ஒரு நாள் மட்டுமா, பல நாளா?' என்பது மாதிரி. கற்பிக்கும் சொல்லையே கேள்வியில் பயன்படுத்தக் கூடாது.

மூன்றாவது, காத்திருப்பது. இதில்தான் நான் நீண்ட நாள் தோற்றேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக 1 வினாடி அளவுதான் காத்திருந்தார்கள் என்று தெரிந்தது. அதற்குள் பதில் வராவிட்டால் தாங்களே பேசிவிடுவார்கள். 3 வினாடி அல்லது அதற்கு மேல் காத்திருக்கப் பழகியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். 1970-களில் அவர் எழுதியது அது. தாய்மொழியிலேயே அப்படி என்றால், இரண்டாம் மொழியில் மாணவர் கேள்வியைக் கேட்டுப் புரிந்துகொண்டு, பதிலை யோசித்து, சொல் தேடி, வாக்கியம் கட்டி, வாய் திறக்கத் துணிச்சலும் சேர்க்க வேண்டும். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். முதல் சில நாள் அந்த அமைதி மிக நீளமாகத் தோன்றும். மாணவர்களின் முகத்தைப் பாருங்கள், உதடுகள் அசைந்துகொண்டிருப்பது தெரியும்.

பிழை வந்தால் என்ன செய்வது?

பிழையைக் கண்டால் உடனே பாய்ந்து திருத்துவது, தன்னம்பிக்கை போய்விடும் என்று எதையுமே திருத்தாமல் விடுவது என்ற இரண்டு துருவங்களுக்கும் பயிற்சி மாணவர்கள் போவதைப் பார்த்திருக்கிறேன். மெத்தட் வகுப்பு முதலில் பிழையைப் பார்க்கும் விதத்தை மாற்றுகிறது. மொழியியலாளர் பிட் கார்டர் 1967-இல், மாணவர் செய்யும் பிழை அவர் இதுவரை எதைக் கற்றிருக்கிறார் என்பதற்கான சான்று என்று எழுதினார். 1972-இல் லாரி செலின்கர், கற்கும் வழியில் மாணவர் பேசும் மொழிக்கு 'இன்டர்லாங்குவேஜ்' என்று பெயர் கொடுத்தார். தாய்மொழியும் இல்லாமல் ஆங்கிலமும் ஆகாமல் நடுவில், தனக்கென்று ஒழுங்கு உள்ள ஒரு மொழி. 'வென்ட்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'கோ'வோடு 'ட்' சேர்த்து 'கோட்' என்றும், 'ஏட்' என்பதற்கு 'ஈட்டட்' என்றும் ஒரு குழந்தை சொன்னால், இறந்தகால விதி அதற்குப் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். 

அடுத்து, எப்படித் திருத்துவது. ராய் லிஸ்டரும் லெய்லா ராண்டாவும் கனடாவில் பிரெஞ்சு வழிக் கல்வி வகுப்புகளைக் கவனித்து 1997-இல் வெளியிட்ட ஆய்வை எல்லாப் பயிற்சியிலும் சொல்வார்கள். ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கும் மேல், பிழையைச் சுட்டாமல் சரியான வடிவத்தைத் தாங்களே திரும்பச் சொல்வதாக இருந்தது. மாணவர்கள் அதை மிகக் குறைவாகவே கவனித்தார்கள். ஆசிரியர் தன் கருத்தை ஆமோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். 'இன்னொரு முறை சொல்லுங்கள்?' என்றோ, பிழை வந்த இடம் வரை சொல்லி நிறுத்தியோ, விரலால் ஒரு சைகை காட்டியோ மாணவரே திருத்திக்கொள்ளத் தூண்டினால் பலன் அதிகம்.

எப்போது என்பது எல்லாவற்றையும்விட நுட்பமானது. ஒரு மாணவி தன் தாத்தாவைப் பற்றித் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். 'மை கிராண்ட்ஃபாதர் யூஸ்ட் டு டெல்லிங் ஸ்டோரி, எவ்ரி நைட், ஒன் கோஸ்ட்...' பக்கத்தில் நடந்துபோன நான் 'யூஸ்ட் டு டெல்' என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து 'யூஸ்ட் டு டெல்' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். பேய்க்கதை கேட்க முன்னால் சாய்ந்திருந்த தோழி மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பேய் என்ன செய்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து கையில் ஒரு சிறு நோட்டு வைத்திருக்கிறேன். துல்லியத்துக்கான பயிற்சியில் உடனே திருத்துவேன். மனதில் இருப்பதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நோட்டில் எழுதிக்கொள்வேன். கடைசி 2 நிமிடத்தில் யார் சொன்னது என்று சொல்லாமல் நான்கைந்து வாக்கியங்களைப் போர்டில் எழுதி, எது சரி எது தவறு என்று அவர்களையே கேட்பேன். அதில் ஒன்றாவது மிக அழகாகச் சொல்லப்பட்ட சரியான வாக்கியமாக இருக்க வேண்டும்.

தமிழில் பேசலாமா?

பேசலாம். நேரடி முறைக் காலத்திலிருந்து வந்த தடை இன்னும் பல இடங்களில் இருக்கிறது, ஆனால் ஒரு கடினமான சொல்லுக்கு 4 நிமிடம் நடித்துக்காட்டுவதைவிட ஒரு வினாடியில் தமிழில் சொல்லிவிட்டு மீதி நேரம் ஆங்கிலத்தில் அதைப் பயன்படுத்துவது மேல். மறுபக்கம், 'புத்தகத்தை எடுங்கள்', 'பக்கம் 20' போன்ற அன்றாடப் பேச்சு ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். மாணவருக்கு ஆங்கிலம் உண்மையான வேலைக்குப் பயன்படுவது அந்த இடத்தில்தான்.

வாசிப்பும் கேட்டலும்

வாசிப்பு வகுப்பு என்றால் ஒவ்வொருவராக எழுந்து ஒரு பத்தியை உரக்கப் படிப்பது என்று நம் பழைய நினைவு சொல்லும். ஒருவர் படிக்க மற்றவர்கள் தங்கள் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். கேள்வியை முன்னால் கொடுத்துவிட்டு மௌனமாகப் படிக்கச் சொல்லுங்கள். முதல் முறை பொதுவான ஒரு கேள்வி, இரண்டாம் முறை நுணுக்கமானவை. கேட்டலுக்கும் இதே வழிதான். பதிவை ஒரே முறை போட்டால் அது தேர்வாகிவிடும், இரண்டு மூன்று முறை போடுங்கள். எத்தனை புதுச் சொற்கள் என்பதிலும் கட்டுப்பாடு வேண்டும். ஒரு வகுப்பில் எட்டுப் பத்துச் சொற்களுக்கு மேல் கொடுத்தால் அடுத்த நாள் மிச்சமிருப்பது குறைவு. முந்தைய வாரத்துச் சொற்களைத் திரும்பக் கொண்டுவருவதற்கு அதிக மதிப்பு கொடுங்கள்.

மற்றவர் வகுப்பைப் பார்ப்பது, உங்கள் வகுப்பைப் பார்க்க விடுவது

அனுபவமுள்ள ஆசிரியரின் வகுப்பில் உட்கார வைப்பார்கள். ஆசிரியரைப் பார்த்துக் குறிப்பெடுக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். ஒரு மாணவரைத் தேர்ந்தெடுத்து அவரை மட்டும் பாருங்கள், முன்வரிசையில் இல்லாத ஒருவராக இருக்கட்டும். 2 நிமிடத்துக்கு ஒரு முறை அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று எழுதுங்கள். எழுதுகிறார், பக்கத்து நோட்டைப் பார்க்கிறார், உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கிறார், ஜன்னலைப் பார்க்கிறார். வகுப்பு முடிந்து அந்தத் தாளை ஆசிரியர் செய்தவற்றோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். எந்த நொடியில் அவர் உள்ளே வந்தார், எந்த நொடியில் வெளியே போனார் என்பது வரி வரியாகத் தெரியும்.

உங்கள் வகுப்புக்கு மேற்பார்வையாளர் வரும் நாளில், அவர் பேசத் தொடங்கும் முன் நீங்கள் மூன்று வரி எழுதிவிடுங்கள்: மாணவர்கள் எப்போது நன்றாக வேலை செய்தார்கள், எங்கே தேங்கினார்கள், மறுபடி எடுத்தால் எதை மாற்றுவேன். பிறகு அவர் சொல்வதைக் கேளுங்கள். எழுதாமல் கேட்டால் மனம் தற்காப்பில் இறங்கிவிடும். 'எப்படி இருந்தது?' என்று பொதுவாகக் கேட்காமல், 'ஜோடிப் பேச்சில் எத்தனை பேர் தமிழுக்குப் போனார்கள்?' என்பது போல ஒன்றைக் குறிப்பிட்டுக் கேட்டால் பதிலும் உதவும்படி வரும். சக பயிற்சியாளரிடமும் இதையே கேளுங்கள். கோடு போடும் அந்தத் தாளை நான் தோழி ஒருத்தியிடம் கொடுத்து, பயிற்சி முடியும்வரை வாரம் ஒரு முறை போடச் சொன்னேன்.

பயிற்சி முடிந்து உங்கள் சொந்த வகுப்புக்குப் போன பிறகு பார்த்துச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். நிர்வாகத்திடமும் மாணவர்களிடமும் சொல்லிவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஜோடிப் பேச்சு நடக்கும் 15 நிமிடத்தை மட்டும் போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டு, இரண்டு பக்கமும் கோடு போடுங்கள். சேருவதற்கு முன் எழுதிய அந்த நோட்டுப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் வந்த வழிகளில் எத்தனை உங்கள் வகுப்பில் இருக்கிறது என்று பார்க்கலாம். போனை ஆசிரியர் மேசையில் வைக்காதீர்கள், அங்கே உங்கள் குரல்தான் பதிவாகும். நடுவரிசையில் ஒரு மாணவரின் பெஞ்சில் வையுங்கள்.